உப்புக்காற்றில் கழலாத கத்திப் பிடி: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

இந்தக் கரையில் ஒரு மீன் கத்தி பெரும்பாலும் அலகில் கெடுவதில்லை, பிடிக்குள் கெடுகிறது. வெளியே மரம் பழுதில்லாமல் இருக்கும். பிடியின் மரப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே இரும்பு செதில் செதிலாக உதிரும். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தாள் கனத்துக்கு ஓர் இடுக்கு இருந்தாலே இது நடக்கும்.

கடலுப்பில் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் முதலாவது நீரை இழுத்துக் கரையும். இரண்டாவதற்கு 33 சதவீதமே போதும். அதனால் உப்பு புகுந்த இடுக்கு, கத்தியை நாள் முழுக்க வெயிலில் போட்டாலும் உள்ளே முழுதாகக் காயாது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டதோடு, இணைப்புகளை முழுக்கப் பற்றவைத்து மூடியும் இருக்கிறார்கள். நம் கத்திப் பிடிக்கும் அதே கணக்குதான். கீழே வரும் வேலை எல்லாம் அந்த இடுக்கை மூடுவதற்கும், மூடிய பிறகு திறக்காமல் காப்பதற்கும்தான்.

முதல் வேலைக்கு மீன் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. கனமுள்ள அலகு, பிடிக்குள் போகும் வால் பகுதி பிடியின் அதே அகலத்திலும் நீளத்திலும், இரு பக்கமும் இரண்டு பலகை. பிடியின் நீளம் 115 முதல் 125 மி.மீ., அகலம் 25 முதல் 28 மி.மீ., மொத்தக் கனம் 19 அல்லது 20 மி.மீ. இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும்.

எந்த மரம்

காசு கொடுத்து வெளியூர் மரம் வாங்க வேண்டியதில்லை. கருவை என்றும் வேலிக்காத்தான் என்றும் நாம் சொல்லும் சீமைக்கருவேலமே பிடிக்கு அருமையான மரம். கனமானது, கடினமானது. எல்லாவற்றையும்விட, காய்ந்த பிறகு ஈரத்துக்கு அதிகம் சுருங்கி விரியாது. இவ்வளவு நல்ல கட்டை மூட்டத்தில் கரியாகிக்கொண்டிருக்கிறது என்பது வருத்தத்துக்குரிய விஷயம். கரி போடுகிறவர்களிடம் சொல்லிவைத்தால் 15 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள தண்டையும் தூர்க்கட்டையையும் எடுத்துத் தருவார்கள். வெளியே மஞ்சளாக இருக்கும் வெளிற்றை முழுக்கச் சீவிவிட்டு, செம்பழுப்பான வைரத்தை மட்டும் எடுங்கள். வெளிறு ஒரு விரல் இருந்தாலும் சில மாதத்தில் உளுத்து மாவாகக் கொட்டும். தண்டின் நடுப்புள்ளி பலகைக்குள் வரக் கூடாது, வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். தூர்க்கட்டையில் ரேகை அழகாக ஓடும். ஆனால் வெடிப்புகளுக்குள் மண் அடைந்திருக்கும், அறுக்கும் முன் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவாவிட்டால் ரம்பத்தின் பல் முதல் அறுப்பிலேயே மழுங்கிப்போகும். இந்த மரத்தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும். என்95 முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

பனைக்கு வேறு குணம். அதில் வைரம் வெளிச்சுற்றில் இருக்கும், நடு சோறாக இருக்கும். கறுத்த நார்கள்தான் பலம், நார்களுக்கு நடுவே இருக்கும் வெளிர் சதைக்குப் பலமில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம், பச்சை மரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, தேவையும் இல்லை. ஓட்டு வீடு பிரிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய பனங்கையும் வாரையும் பல வருடம் காய்ந்து இறுகியவை. அறுக்கும் முன் காந்தத்தை நெடுக ஓட்டிப் பாருங்கள், உள்ளே பழைய ஆணி ஒடிந்து நிற்கும். பனையில் புதியவர்கள் தடுமாறும் இடம் துளை போடுவது. டிரில் மறுபக்கம் வெளிவரும்போது நார் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். அடியில் ஒரு கழிவுப் பலகையைச் சேர்த்து இறுக்கி, புது பிட்டால், அழுத்தம் கொடுக்காமல் துளையுங்கள். வடிவம் கொடுத்து முடித்த பிறகு, நீர் மாதிரி ஓடும் ஃபெவிக்விக் வகைப் பசையை முழுப் பரப்பிலும் ஊறவிட்டு, இறுகியதும் தேயுங்கள். முனை வெட்டுப் பரப்பில் மூன்று முறை ஊறவிட வேண்டும், பனை தண்ணீரைக் குடிப்பது அந்த வழியாகத்தான்.

பூவரசு கடலோரத்திலேயே வளர்வது, ஈரம் தாங்கும், அரத்துக்கு நன்றாக இணங்கும். தொடங்குகிறவருக்கு இதைவிட எளிய மரம் இங்கே கிடைப்பது அரிது. கறிக்கடைக் கட்டைக்குப் போடும் புளியும் உறுதியானது. ஆனால் பிடிக்கு அதன் கறுத்த வைரம் மட்டுமே ஆகும், அது பெரிய மரத்திலும் கொஞ்சமாகவே கிடைக்கும். பழைய நிலை, சன்னலில் கிடைக்கும் தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

எருமைக் கொம்பு பார்வையாக இருக்கும், ஆனால் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கி ஓரம் தூக்கும். முதல் பத்துக் கத்திக்கு அதைத் தொடாமலிருப்பது நல்லது. மான் கொம்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். பவளம், கடல் விசிறி, ஆமை ஓடு, கடற்பசுவின் எலும்பும் தந்தமும் அப்படித்தான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் பாக் விரிகுடாவின் கடற்பசுக் காப்பகமும் நம் வாசலில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்ததுதானே என்று எடுத்து வந்தாலும் சட்டத்தின் முன் அது விளக்கமாகாது.

காயவைப்பது

பச்சை மரத்தில் செய்த பிடி எத்தனை நன்றாக ஒட்டினாலும் கழலும். மரத்தை 140 × 40 × 14 மி.மீ. துண்டுகளாக அறுத்து, இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது உருக்கிய மெழுகு பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் அங்கே வெடிக்கும். துண்டுகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். நேர் வெயில் வேண்டாம். இந்தக் கனத்துக்கு நான்கைந்து மாதம் ஆகும்.

காய்ந்ததா என்பதைக் கையால் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும். பதினைந்து நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் மரம் இங்குள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு ஏமாற்றும். வாடை வீசும் அந்த மாதங்களில் காய்ந்த மரமே ஈரத்தை வாங்கிக் கனக்கும். அப்போது ஒட்ட வேண்டியிருந்தால், ஒரு தகரப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மேலே இரண்டு துளை போட்டு, பலகைகளை இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்து எடுங்கள். மரம் பல்பைத் தொடக் கூடாது. எடுத்த அன்றே ஒட்டிவிடுங்கள்.

துணியும் ரெசினும்

ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இடங்கள் இந்தக் கரையில் இருப்பதால், பாலியஸ்டர் ரெசின் நமக்கு எளிதாகக் கிடைக்கும். பருத்தித் துணியை அதில் ஊறவைத்து அடுக்கி அழுத்தினால் தண்ணீர் ஏறாத பலகை கிடைக்கும். கடலில் வேலை செய்கிறவர்களுடைய கத்திக்கு மரத்தைவிட இதுவே மேல் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

பழைய கைலி அல்லது வேட்டியைக் கஞ்சி போகத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, 15 × 10 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். துணியின் கனத்தைப் பொறுத்து 25 முதல் 35 அடுக்கு தேவைப்படும். அடுக்கை இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, 9 மி.மீ. வருகிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். 100 கிராம் துணிக்கு 150 கிராம் ரெசின் எடுத்துக்கொள்ளலாம். ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம் போட வேண்டும். கோடையில் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், அதாவது 150 கிராமுக்கு 1.5 கிராம். கூடினால் அடுக்கு சூடேறிப் புகையும், நடுவில் வெடிக்கும்.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு உண்டு. சில ரெசினுக்குக் கோபால்ட் என்ற வேகமூட்டியையும் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்து, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டை விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவுக் குப்பி கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடக்கூடும், கண்ணாடி கட்டாயம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி வேலை செய்யுங்கள்.

ஒவ்வொரு துண்டாக ரெசினில் முக்கி, பிழிந்து, அடுக்கி, பாலித்தீன் சுற்றிய இரு பலகைகளுக்கு நடுவே நான்கு சி-கிளாம்ப் போட்டு, ஓரங்களில் ரெசின் கசியும்வரை இறுக்குங்கள். ஒரு நாள் விட்டு எடுக்கலாம். பலகை பால் நிறத்தில் வெளிறியிருந்தால் துணியில் ஈரம் இருந்தது என்று அர்த்தம். அதைப் பிடிக்குப் போடாதீர்கள். பாலியஸ்டர் ரெசின் பலகை செய்வதற்கு மட்டும். இறுகும்போது சுருங்குவதால் இரும்போடு ஒட்டும் பசையாக அதைப் பயன்படுத்தினால் ஓரம் விட்டுவிடும்.

இரும்பைத் தயார் செய்வது

புதியவர்கள் யாரும் யோசிக்காத ஓர் எதிரி, பட்டறையில் இருக்கும் தண்ணீர் வாளி. அலகைத் தேய்க்கும்போது சூடு தணிக்க அடிக்கடி முக்குவோம். இந்த மாவட்டத்தில் பல கிணறுகளும் போர்களும் உவர்நீர் தருபவை. அதில் முக்கினால் ஒவ்வொரு முக்கலுக்கும் உப்பு இரும்பின் மேல் படிந்து, பலகைக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கும். சந்தேகமிருந்தால் கண்ணாடித் துண்டில் நான்கு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளையாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மழைநீரோ குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ பயன்படுத்துங்கள், வாளியைத் தினமும் மாற்றுங்கள்.

ஆணித் துளைகளை அலகுக்குப் பதம் கொடுக்கும் (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கும்) முன்பே போட்டுவிட வேண்டும். பதம் கொடுத்த லாரி ஸ்பிரிங் பட்டை இரும்பில் சாதாரண பிட் ஏறாது. ஆணிக்கான இரண்டு மூன்று துளைகளோடு, 8 மி.மீ.யில் மூன்று நான்கு துளைகளைக் கூடுதலாகப் போடுங்கள். பசை அவற்றின் வழியே ஊடாக நிறைந்து இரு பலகைகளையும் ஒன்றாகப் பிணைக்கும். வாலின் இரு பக்கத்தையும் 60 அல்லது 80 எண் எமரித்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். வழவழப்பான இரும்பில் பசை நிற்காது.

பலகையின் உள்பக்கம் சமதளமாக இருக்க வேண்டும். தடித்த கண்ணாடியின் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் பலகையைத் தேயுங்கள். பிறகு வாலோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். ஒளிக்கீற்று எங்கே தெரிகிறதோ அங்கே உப்பு நுழையும். கிளாம்ப்பால் இறுக்கினால் இடுக்கு மூடிக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். வளைத்து ஒட்டிய பலகை என்றாவது தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

ஆணி

அலுமினிய ஆணி மலிவு, அடிப்பதும் எளிது, ஆனால் இந்தக் கரைக்கு அது ஆகாது. உப்புநீரில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும். பெரிய இரும்பு வாலுக்கு எதிரே சிறிய ஆணி என்பதால் அரிப்பு முழுவதும் ஆணியிலேயே குவியும். ஓரத்தில் வெள்ளை மாவு தென்பட்டால் ஆணி போய்க்கொண்டிருக்கிறது. இரும்பு ஆணி துருவேறிப் பருத்து மரத்தையே பிளக்கும். பித்தளையோடு சேரும்போது அரிபடுவது பெரிய வால் என்பதால் சேதம் பரவலாகி மெதுவாகிறது, பசை நடுவில் நின்று தடுக்கவும் செய்கிறது. எனவே 4 மி.மீ. பித்தளைக் கம்பி சரியான தேர்வு. அதைவிட நல்லது, டிக் வெல்டிங்குக்கு விற்கும் 3.2 மி.மீ. கனமுள்ள 316எல் எவர்சில்வர் நிரப்புக் கம்பி. எந்தக் கம்பியானாலும் அதன் விட்டத்துக்கு மேல் 0.1 மி.மீ. கூட்டித் துளை போடுங்கள். இறுக்கமான துளையில் அடித்து ஏற்றினால் பலகை பிளக்கும்.

ஒட்டுவது

காலை 11 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் ஒட்டாதீர்கள். நடுப்பகலில்தான் காற்றில் ஈரப்பதம் குறைவு. ஒட்டுவதற்கு எப்பாக்சி, அதாவது ரெசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் கலந்து பூசும் பசை வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை எப்பாக்சி தண்ணீருக்கு அவ்வளவாகத் தாங்காது. மெதுவாக இறுகும் அரால்டைட் ஸ்டாண்டர்டு போன்றதை வாங்குங்கள். அதில் ரெசினும் ஹார்டனரும் கன அளவில் சமம், எடையில் 100க்கு 80. கண்ணளவில் பிதுக்காமல் தராசில் வையுங்கள். ஒரு கத்திக்கு 15 கிராம் போதும். இரண்டு நிமிடமாவது ஓரங்களை வழித்து வழித்துக் கலக்குங்கள். சரியாகக் கலக்காத பசை எத்தனை நாளானாலும் ரப்பர் மாதிரி பிசுபிசுத்தே இருக்கும்.

ஒட்டும் முன் ஒரு முறை பசையில்லாமல் எல்லாவற்றையும் பூட்டிப் பாருங்கள். அலகை அடுத்து வரும் பலகை முனையை இப்போதே தேய்த்து மெருகேற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே அரம் போனால் அலகில் கீறல் விழும். அலகுக்குக் காகித டேப் சுற்றுங்கள், கூர் கையைக் கிழிக்காமலிருக்கவும்தான். அடுத்து வாலையும் பலகையையும் அசிட்டோனால் துடையுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம், வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. இரு பரப்பிலும் பசையைத் தடவி, துளைகளை நிரப்பி, ஆணியைப் பசையில் முக்கிச் செலுத்தி, மூன்று கிளாம்ப் போடுங்கள். சுற்றிலும் பசை மணிமணியாகக் கசிந்தால் அழுத்தம் போதும். அதற்கு மேல் முறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, உள்ளே வெறும் மரமும் இரும்புமாக நிற்கும். முன் முனையில் கசிந்ததை மட்டும் அசிட்டோன் நனைத்த துணியால் உடனே துடைத்து, 24 மணி நேரம் விடுங்கள்.

மறுநாள் கசிவின் மேல் மெழுகு மாதிரி வழுக்கும் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்ததால் வந்தது அது. நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாளை அடைத்துவிடும்.

உருவம் கொடுப்பது

ஆணி முனைகளை ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் சமப்படுத்துங்கள். கிரைண்டரை வைத்தால் ஆணி சூடேறி, சுற்றியுள்ள பசை இளகும். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சிக்கு 60, 70 டிகிரியே அதிகம். விரல் வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்த வேண்டும். பித்தளையைத் தட்டி மொட்டாக்க விரும்பினால் பலகைக்கு மேல் 1.5 மி.மீ. விட்டு, சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். பனையில் இதைச் செய்ய வேண்டாம், பிளக்கும்.

மர அரத்தால் வளைவுகளை எடுத்து 80, 120, 220 என்று உப்புத்தாள் மாற்றுங்கள். மீன் கத்திக்கு 220க்கு மேல் போகாதீர்கள். மீன் கொழகொழப்பில் பளபளப்பான பிடி கையில் சுழலும். கைக்குப் பிடிமானமாகக் கீற்றுகள் வெட்டலாம் என்று தோன்றும், அதில் செதிலும் அழுக்கும் அடைந்து நாறும். அதைவிடப் பிடியின் கடைசியைச் சற்றே பருக்கவிடுங்கள், இழுத்து வெட்டும்போது கை நழுவாது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, எழும்பும் மயிர்நாரைக் கடைசியாக ஒருமுறை தேய்த்து எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் உலராது, சிக்கு வாடை வரும். வார்னிஷ் முதல் மாதம் அழகாக இருக்கும். பிறகு மரமும் இரும்பும் சேரும் கோட்டில் வெடித்து, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தான் மரப் பிடிக்கு ஏற்றது. தாராளமாகத் தடவி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு என்று நான்கைந்து முறை. அடைமழைக் காலத்தில் பூச்சுக்குப் பூச்சு மூன்று நாள் விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட்ட பின்பே குப்பையில் சேருங்கள்.

அரிவாளுக்குச் செருகு பிடி

அரிவாளின் ஒல்லியான வாலை மரத்துக்குள் செருகிப் பூண் போடும் முறை வேறு. வாலைச் சூடாக்கி மரத்துக்குள் எரித்து இறக்குவது பழைய வழி. துளை வாலுக்குப் பொருத்தமாக அமையும் என்பது அதன் நன்மை. ஆனால் அலகை ஈரத்துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். இரும்பில் ஓடும் நிறத்தைக் கவனியுங்கள், நீலம் அலகுக்குள் ஏறினால் பதம் போய்விட்டது. எரிந்த கரியைச் சுரண்டி எடுத்த பிறகே எப்பாக்சி ஊற்ற வேண்டும், கரியின் மேல் எதுவும் ஒட்டாது. அரக்கில் செங்கல் தூள் கலந்து இறுக்குவதும் நடைமுறையில் உண்டு. அரக்கு 75 டிகிரிக்கு மேல் இளகும் என்பதால் அடுப்பருகே வைக்கும் கத்திக்கு அது சரிப்படாது.

விற்கும் முன் சோதனை

ஒவ்வொரு புது மரத்துக்கும் வீணான இரும்புத் துண்டில் இதே முறையில் ஒரு பிடியை ஒட்டி, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பத்துச் சுற்று போதும். பிறகு உளியால் பலகையைப் பெயர்த்துப் பாருங்கள். மரம் நார் நாராகக் கிழிந்து இரும்பில் ஒட்டியிருந்தால் வேலை சரி. பலகை சுத்தமாகக் கழன்று வந்தால் துடைத்ததிலோ கீறியதிலோ குறை. ஓரத்திலிருந்து கறுப்பு ஏறியிருந்தால் அந்த இடத்தில் பலகை சமமாக இல்லை. கருவேல இன மரங்களின் துவர்ப்புச் சத்து ஈர இரும்போடு சேர்ந்து மை நிறம் விடும்.

வாங்குகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும், ஊறப்போடக் கூடாது. பிடியோரத்தில் மயிரிழை அளவு கறுப்புக்கோடு தெரிந்த உடனே கத்தியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வந்தால் மேலே பசை தடவி மூடி அனுப்பாதீர்கள், உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஆணியை டிரில்லால் எடுத்து, அலகை ஈரத்துணியால் சுற்றி, பிடியைச் சூடுகாற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினால் பசை இளகிப் பலகை பெயரும். வாலைத் துரு போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை நீரை மாற்றி ஊறவைத்து, உடனே சூடுகாற்றில் காயவைத்து, அன்றைக்கே புதுப் பலகை ஒட்டுங்கள்.